வனக்காவலருக்குக் கருவி செய்ய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

சென்ற வாரம் முசிறியிலிருந்து வந்திருந்தபோது, மகளின் விருப்பத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் நீங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் கள்ளவேட்டையைத் தடுக்கும் காவலர்களுக்குக் கருவிகள் செய்ய வேண்டும் என்கிறாள் அவள். அரை ஏக்கரை விற்றாவது, நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் சேர்த்துவிடச் சொல்கிறார் அவளுடைய பெரியப்பா. அவளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். எடுத்துச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

நிலத்தை விற்காதீர்கள். பெயரில் செயற்கை நுண்ணறிவு இருப்பதாலேயே ஒரு படிப்பு அவளை அந்த வேலைக்குக் கொண்டுசேர்த்துவிடாது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் பேராசிரியர் மிலிந்த் தாம்பேயின் குழு உருவாக்கிய 'பாவ்ஸ்' என்ற மென்பொருள், உகாண்டாவின் குயீன் எலிசபெத் தேசியப் பூங்காவில் சோதிக்கப்பட்டது. எந்தப் பகுதியில் சுருக்குக் கண்ணிகள் வைக்கப்பட்டிருக்கக் கூடும் என்பதைப் பழைய ரோந்துப் பதிவுகளைக் கொண்டு அது கணிக்கிறது. ஆனால் காவலர் நடந்த இடத்தில் மட்டுமே பதிவு உண்டு. பதிவில் கண்ணி இல்லை என்பதால் காட்டிலும் இல்லை என்று கொள்ள முடியாது. புதருக்குள் மறைந்த மெல்லிய கம்பி, அருகில் நடந்தவர் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். ஆற்றுக்கும் சாலைக்கும் ஊருக்கும் அந்த இடம் எவ்வளவு தொலைவு, சரிவு எப்படி என்பதையெல்லாம் அறிந்து கணிப்பவருக்கே இந்தக் குறை புரியும். அதாவது, நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அதைக் கற்பிக்கும் படிப்பு புவித்தகவலியல் (ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்). சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இது நான்காண்டு இளநிலைப் பொறியியலாகவே இருக்கிறது. பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் அரசுக் கட்டணம்தான். உறவினர் எவரும் இதன் பெயரைக் கேட்டிராததால் விருப்பப் பட்டியலின் அடியில்கூட எழுதாமல் விடுகிறார்கள். நில அளவை, தொலையுணர்வு, செயற்கைக்கோள் வழி இடங்காணல், வரைபடத் தரவுத்தளம், நிரலாக்கம் ஆகியவை இதில் ஒன்றுசேர்கின்றன. உங்கள் மகள் வீட்டிலேயே மின்னணுச் சுற்றுகளை இணைத்துப் பழகுகிறாள் என்றீர்களே, அந்தக் கைப்பழக்கமும் இதனோடு சேர வேண்டும்.

ஏன் என்பதற்கு ருவாண்டாவின் அககேரா தேசியப் பூங்காவைப் பாருங்கள். அங்கே அற்றுப்போயிருந்த கருப்புக் காண்டாமிருகங்களில் 18ஐ 2017ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவற்றைக் காக்க, கைப்பேசி அலைவரிசையை நம்பாமல் 'லோரா' என்ற குறைந்த மின்சக்தி வானொலி வலையமைப்பை அதே ஆண்டு நிறுவினார்கள். சிறு மின்கலத்தில் நீண்ட காலம் ஓடும் உணரி (சென்சார்), சில எண்களை மட்டுமே அனுப்பும். படமோ குரலோ அதில் போகாது. உயரமான இடத்தில் நிற்கும் ஏற்பிக் கோபுரம் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதை வாங்கிக் கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்துக்குத் தருகிறது. காவலரும் வாகனமும் எங்கே இருக்கிறார்கள் என்பதும் அதே திரையில் தெரியும். கோபுரத்தை எந்தக் குன்றில் நிறுத்தினால் எந்தப் பள்ளத்தாக்கு மறைந்துபோகும் என்ற கேள்விக்கு உயர வரைபடத்தைக் கொண்டு விடை காண்பது புவித்தகவலியல் மாணவரின் அன்றாட வேலை.

தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பர்க் 1990களில் உருவாக்கிய 'சைபர் டிராக்கர்' மென்பொருளையும் அவள் பார்க்க வேண்டும். விலங்குத் தடம் பார்ப்பதில் ஈடற்ற, தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பழங்குடியினரான சான் மக்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால், அதன் திரையில் சொற்களுக்குப் பதிலாகச் சிறு படங்களை வைத்தார். பயன்படுத்துபவரின் அறிவை மதித்துச் செய்த அந்தக் கருவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பெரியப்பாவின் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. ஆப்பிரிக்கப் பூங்காக்களின் களப்பணி பெரும்பாலும் உள்ளூர் மக்களுக்கே கிடைக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். உங்கள் மகள் துப்பாக்கி ஏந்தி ரோந்து போகப் போவதில்லை. கருவியையும் மென்பொருளையும் பெரும்பாலும் ஓர் ஆய்வகத்திலிருந்தே செய்வாள், அந்தப் பணியிடங்களும் குறைவு. எனவேதான் படிப்பு கடனில்லாமல் முடிய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கடன் இருந்தால் கிடைத்த முதல் வேலையில் அடைபட்டுவிடுவாள். இல்லாவிட்டால் நில அளவை, நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை என எதிலாவது சம்பாதித்தபடியே காட்டுப் பணிக்குக் காத்திருக்கலாம். நம் புலிகள் காப்பகங்களிலும் 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' செயலி வழியாக ரோந்து பதிவாகிறது. முதல் அனுபவம் இங்கேயே கிடைக்கக்கூடும். வெளிநாட்டுக் காட்டில் சில வாரம் தன்னார்வப் பணி என்று சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

விருப்பப் பட்டியல் நிரப்ப இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச வரைபட மென்பொருளைக் கணினியில் நிறுவி, முசிறியைச் சுற்றி ஒரு கோபுரத்தை எங்கே வைத்தால் காவிரியின் இரு கரையும் தெரியும் என்று அவள் வரைந்து பார்க்கட்டும். இரண்டு வாரம் சலிக்காமல் உட்கார்ந்தால், அந்த வரைபடத்தோடு மூவரும் வாருங்கள். பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள்.