ஜிங்க் ஆக்சைடு பொடி கட்டி தட்டுது, கன்னமும் கறுக்குதுன்னு கேட்ட சகோதரிக்கு

தேங்காய் எண்ணெய், கற்றாழை, ஜிங்க் ஆக்சைடு பொடி, கூடவே எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் போலப் பூசிக்கொண்டு ஸ்கூட்டரில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த எலுமிச்சையை விடுங்கள், சகோதரி. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளிக்கலாம். ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் கன்னத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஜிங்க் ஆக்சைடு நல்ல பொருள்தான், கடை சன்ஸ்கிரீனிலும் இருக்கிறது. ஆனால் மிக்ஸியில் எவ்வளவு அடித்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் துண்டில் மெலிதாகத் தடவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெள்ளைக் கட்டிகள், நடுநடுவே வெறும் எண்ணெய். அந்த இடைவெளியில்தான் புற ஊதாக் கதிர் இறங்குகிறது. எஸ்பிஎஃப், அதாவது வெயில் எரிப்பிலிருந்து எந்த அளவு காக்கும் என்று சொல்லும் எண், எவ்வளவு என்று வீட்டில் அளக்கவும் வழியில்லை.

எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, யுவிஏ (தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் வகை) பாதுகாப்பும் உள்ள சன்ஸ்கிரீன் ஒன்றை வாங்கிவிடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும். கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. காசு கையைக் கடித்தால் நெருக்கமாக நெய்த பருத்தித் துப்பட்டாவால் முகத்தை மூடுங்கள், முழுக்கை போடுங்கள்; வீட்டுக் கலவையைவிட அது நிச்சயம் மேல். கற்றாழையை வீடு திரும்பியபின் பூசுங்கள். திட்டு பரவினால் தோல் மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள்.