எண்ணெய்க் கொப்பரை யாருக்கு?

அன்புள்ள ஐயா,

அப்பா போன மாதம் காலமானார். தொண்டையில் புற்றுநோய். காரியம் முடியும்வரை சாயங்காலங்களில் வீட்டில் கருட புராணம் வாசித்தார்கள். கும்பீபாகம், எண்ணெய்க் கொப்பரை என்று வந்தபோது உறவினர் ஒருவர், "குடிச்சவனுக்கும் அங்கதான் இடம்" என்று அம்மா காதுபடச் சொன்னார். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது உண்மைதான். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. நரகம் என்று ஒன்று இருக்கிறதா? கடைசி நாட்களில் அப்பா பட்டதையே எல்லாரும் நரக வேதனை என்றார்கள். அப்புறம் இன்னொரு நரகம் எதற்கு?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த உறவினர் செய்தது கொடுமை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இறந்த பிறகு என்ன என்று போய்ப் பார்த்து வந்து சொன்னவர் யாருமில்லை. அதனால் நரகம் உண்டு, இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் நூல்கள் அதை யாரைப் பார்த்துச் சொல்லின என்று சொல்ல முடியும்.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களைப் பட்டியலிடுகிறது. குடிக்கும் அதில் தண்டனை உண்டு, மறைக்கவில்லை. அதே பட்டியலில் சூகரமுகம் என்று ஒன்று வருகிறது. குற்றம் செய்யாதவனைத் தண்டித்த அரசனையும் அவன் அதிகாரியையும் அங்கே கரும்பைப் பிழிவதுபோல் பிழிவார்களாம். பிறர் பொருளை அபகரித்தவனுக்குத் தாமிஸ்ரம். சூகரமுகத்தைச் சொல்லி எந்த அதிகாரியையும் யாரும் பயமுறுத்தி நான் கேட்டதில்லை.

புறநானூற்றின் 5ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் சேர மன்னனிடமே சொல்கிறார்: அருளையும் அன்பையும் விட்டு 'நீங்கா நிரயம் கொள்பவரோடு' (நிரயம் என்றால் நரகம்) சேராதே, குழந்தையை வளர்ப்பவர்போல நாட்டைக் காப்பாற்று. பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அப்பர், "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம் நரகத்தில் இடர்ப்படோம்" என்று பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. எல்லாரும் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்று திருக்கோட்டியூரில் ராமானுஜர் மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுகிறவனிடம் சொல்ல வேண்டியதை அழுகிறவளிடம் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. புராணத்தில் நரகத்துக்குப் போகிறவன் பாவம் செய்தவன். நம் பேச்சில் அப்படி இல்லை. 'புகுந்த வீடு நரகமா இருக்கு' என்று சொல்லும் பெண் ஒரு பாவமும் அறியாதவள். ஒருவர் நரக வேதனைப்படுகிறார் என்று சொல்லும்போது அவர்மேல் யாரும் பழி போடுவதில்லை. பக்கத்தில் போய் உட்காருகிறோம். ஒரு வாய்த் தண்ணீர்கூட தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தபோது துணியால் துடைத்துவிட்டது உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். அவருக்கு நரகத்தைப் பற்றி அந்த உறவினரா சொல்லித்தர வேண்டும்?

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். நம் புராணங்கள் சொல்லும் நரகம் பொதுவாக நிரந்தரமில்லை. சமண, பௌத்த நூல்களிலும் அப்படித்தான். வினை தீர்ந்தால் மறுபிறவி. கிறிஸ்தவத்தில் பெரும்பான்மையோர் நம்பும் முடிவில்லாத நரகம் வேறு.

வருடத் திதிக்குக் கருட புராணம் வேண்டாம். நீங்கள் சைவர் என்றால் சிவபுராணம் படியுங்கள், அது பழைய வழக்கம்தான். வைணவர் என்றால் 'பொலிக பொலிக' பதிகம் இருக்கிறது. 'நலியும் நரகமும் நைந்த', அதாவது வருத்தும் நரகமும் அழிந்துபோயிற்று என்று நம்மாழ்வார் அதில் பாடுகிறார். அம்மாவையே படிக்கச் சொல்லுங்கள். அந்த உறவினர் வந்தால் அவரும் உட்கார்ந்து கேட்கட்டும்.