பாலில் கலந்து கொடுத்துவிடலாமா, டாக்டர்?

கேள்வி: வயது 29. சிப்காட்டில் வேலை. போன மாதம் நண்பர்களோடு பாண்டிச்சேரி போய் இரண்டு நாள் தங்கினோம். அங்கே ஒரு பெண்ணோடு இருந்தேன், ஆணுறை போடவில்லை. திரும்பி வந்த நான்காம் நாள் ஒன்றுக்குப் போனால் மிளகாய்ப்பொடி பட்டதுபோல எரிச்சல், கூடவே மஞ்சளாகச் சீழ். சூடு என்று நினைத்து இளநீர், வெந்தயம் எல்லாம் சாப்பிட்டேன். அப்புறம் மெடிக்கலில் தெரிந்த பையன் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை ஆறு கொடுத்தான். எரிச்சல் குறைந்துவிட்டது, ஆனால் காலையில் எழுந்ததும் நுனியில் ஒரு சொட்டு இன்னும் வருகிறது. இதற்கிடையில் மனைவியோடும் ஒரு முறை சேர்ந்துவிட்டேன். அவள் ஆறு மாத கர்ப்பிணி. அவளுக்குத் தெரியாமல் இதே மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துவிடலாமா?
பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. நீங்கள் விழுங்கிய மாத்திரை பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கிற மருந்து, அதோடு உங்கள் நோய்க்கே அது சரியான மருந்து இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொனோரியாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஊரில் வெட்டை என்று சொல்வார்களே, அதுதான். தொற்றிய இரண்டிலிருந்து ஏழு நாளைக்குள் ஆண்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சூடு என்று நினைத்ததில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஷிஃப்ட் பார்த்தால் யாருக்கும் நீர்க்கடுப்பு வரும். ஆனால் சூட்டினால் சீழ் வராது. ஜட்டியில் மஞ்சள் கறை தெரிந்தால் இளநீரை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

இதை விந்து ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கொனோரியா என்ற பெயருக்கே கிரேக்கத்தில் விந்து ஒழுக்கு என்றுதான் அர்த்தம். இது கிருமியின் வேலை என்பதை 1879-ல் ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார், ஆனாலும் லாட்ஜில் அறை எடுத்துத் ‘தாது நஷ்டம்’ பார்க்கிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

எரிச்சல் குறைந்ததே என்பீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு காலத்தில் இதற்கு நன்றாக வேலை செய்தது, பிறகு கிருமி பழகிக்கொண்டது. இப்போது கொஞ்சம் அடங்கினமாதிரி இருக்கும், உள்ளே கிருமி இருந்துகொண்டே இருக்கும். உங்கள் காலைச் சொட்டு சொல்வது அதைத்தான். இப்படியே விட்டால் விதைப்பக்கம் ஏறி வீக்கமும் வலியும் வரும், சிலருக்குக் குழந்தைப்பேறே சிக்கலாகிவிடும்.

ஆகவே அந்தச் சொட்டோடு கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் காலையிலேயே போய், பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் ‘தோல் டாக்டர்’ என்று கேட்டாலும் வழி காட்டிவிடுவார்கள். சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சீழணுக்களுக்குள்ளே காப்பிக்கொட்டையை எதிரெதிரே வைத்தமாதிரி ஜோடி ஜோடியாக இளஞ்சிவப்பில் தெரிந்தால் முடிந்தது, அதுதான். சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாள் விஷயம். செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று போடுவார்கள், அல்லது அரசு மையங்களில் நெடுநாளாகக் கொடுத்துவரும் சாம்பல் நிற உறை, அதில் செஃபிக்ஸிமும் அசித்ரோமைசினும் இருக்கும், ஒரே வேளையில் விழுங்கிவிடுவது. அசித்ரோமைசின் எதற்கு என்றால், கிளமிடியா என்று இன்னொரு கிருமி அடிக்கடி இதனோடு ஒட்டிக்கொண்டே வரும். இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு மறுபடி அந்த மெடிக்கல் பையனிடம் போகாதீர்கள், அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிஸுக்கும் ரத்தம் கொடுங்கள், அங்கே நம்பிக்கை மையத்தில் இலவசம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் கொடுங்கள்.

சரி, மனைவி. ஒரே முறைதான் என்கிறீர்கள். ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒரே முறையில் தொற்றவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்களுக்குப் பல நேரம் ஒன்றுமே தெரியாது. கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள், இதை வழக்கமாகப் பார்ப்பதில்லை, அதனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாமலே பிரசவம் வரை போய்விடும். பிரசவத்தின்போது தொற்றினால் பிறந்த சில நாளில் குழந்தையின் கண் வீங்கிச் சீழ் கட்டும், கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். கர்ப்பத்திலும் பத்திரமாகக் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது, ஆனால் டாக்டருக்கு விஷயம் தெரிந்தால்தானே கொடுப்பார்? வீட்டில் நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை என்றால் இருவரும் சேர்ந்து போங்கள், முதலில் நீங்கள் தனியாக உள்ளே போய் ஆலோசகரிடம் சொல்லுங்கள், எப்படிப் பேச்செடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும். சண்டை வரும். வராது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. இருவரும் மருந்து எடுத்து ஏழு நாள் ஆகும்வரை சேர வேண்டாம், இல்லாவிட்டால் இவர் அவருக்கு, அவர் இவருக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ‘பாண்டிச்சேரி போனதால் வந்தது’ என்று எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாவம் அந்த ஊர், ஆணுறை கடலூரிலும் விற்கிறார்கள்.

கேள்வி: தோழிக்குக் கிளமிடியா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்குச் சீழும் இல்லை, எரிச்சலும் இல்லை. நான் எதற்கு மாத்திரை போட வேண்டும்?
ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிளமிடியா வந்த ஆண்களில் நிறையப் பேர் உங்களைப் போலத்தான், ஒன்றும் தெரியாமலே சுமந்துகொண்டிருப்பார்கள். அவருக்கு இருக்கிறது என்றால் உங்களுக்கும் சிகிச்சை உண்டு, வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுத்தால் நெஞ்சைப் புண்ணாக்கும். அதற்குமுன் கோரிமேடு ஜிப்மரில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டிவிடுங்கள். சிறுநீர் கேட்பார்கள், முதலில் வருகிற நீர்தான் வேண்டும், அதனால் ஒரு மணி நேரமாவது அடக்கிக்கொண்டு போங்கள், ஓ.பி. வரிசையில் நிற்கும்போதே போய்விட்டு வந்து நிற்காதீர்கள்.