‘கியாரண்டி’ அறை என்றால் எந்த அறை?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், டிசம்பர் விடுமுறையில் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்களை அழைக்கிறாள். நான், என் மனைவி, 74 வயதான என் தாயார் என மூன்று பேர் இங்கிருந்து செல்கிறோம். கும்பகோணத்துக்குப் பேருந்தில் போனாலே மனைவிக்குக் குமட்டும், அம்மாவுக்கு மூட்டுவலி. முகவர், மேல்தளத்தில் கப்பலின் முன்பக்கம் உள்ள பால்கனி அறையைப் பரிந்துரைக்கிறார். அது கட்டுப்படியாகாவிட்டால், குறைந்த விலையில் ‘கியாரண்டி’ அறைகள் இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: இரண்டுமே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. ‘கியாரண்டி’ என்ற சொல்லைக் கேட்டு நல்ல அறை உறுதியாகக் கிடைக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கப்பல் நிறுவனங்கள் தரும் உறுதி, நீங்கள் பணம் கட்டிய வகையிலோ அதற்கு மேற்பட்ட வகையிலோ ஓர் அறை உண்டு என்பது மட்டும்தான். அது எந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதைப் புறப்படும் நாள் நெருங்கும்போது நிறுவனமே முடிவு செய்யும். விலை குறைவதற்குக் காரணம், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதுதான். இளைஞர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். உங்கள் நிலையில், ஓர் அறை கப்பலின் ஒரு கோடியிலும் மற்றோர் அறை மறு கோடியிலும் அமைந்துவிட்டால், இரவில் அம்மா கூப்பிடும்போது இருநூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆட்டம். திருவாரூர் ஆழித்தேர் வீதியில் வரும்போது பார்த்திருப்பீர்கள்: சக்கரத்தருகே சிறு அசைவாக இருப்பது, உச்சியில் கலசத்தருகே பெரிய ஆட்டமாகத் தெரியும். கப்பல் பக்கவாட்டில் சாயும்போதும் அப்படித்தான், உயரத்தில் இருப்பவர்களுக்கே அசைவு அதிகம். அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போதோ நடுப்பகுதி அதிகம் அசையாது. மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியும், அதற்கு எதிரே உள்ள பின்பகுதியும்தான் தூக்கிப் போடும். பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்க, நீருக்கடியில் கப்பலின் இருபுறமும் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு. ஆனால் முன்பின் ஆட்டத்தை அவை கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே மேல்தளத்தில் முன்பக்க அறை என்பது இரண்டு ஆட்டங்களும் கூடிச் சேரும் இடம். பேருந்துப் பயணமே ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைப் பரிந்துரைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் இடையில் அடங்கியிருப்பதால் பெரிய அலைகள் அரிது. டிசம்பரில் புக்கெட் பக்கத்துக் கடலும் பொதுவாக அமைதியாகவே இருக்கும். இதே மாதத்தில் தென்சீனக் கடல் வழியாக வியட்நாமுக்கோ, ஐப்பசி கார்த்திகையில் நம் வங்கக் கடலிலோ செல்வதாக இருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். கஜா புயலைக் கண்ட நமக்கு அந்தப் பருவத்துக் கடலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வழித்தடத்தில் ஆட்டத்தைவிடச் சத்தமே தூக்கத்தைக் கெடுக்க வாய்ப்பு அதிகம். நான் ஒருமுறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அறை எடுத்து, விடிவதற்கு முன்பே ஊழியர்கள் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசையில் மூன்று நாளும் விழித்துக்கொண்டேன். முகவரிடம் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அறை உள்ள தளத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. அரங்கம், நடனக்கூடம், சமையற்கூடம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். துறைமுகத்தில் கட்டும்போது பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் அதிர்வும், நங்கூரச் சங்கிலியின் ஓசையும் முன்பகுதிக் கீழ்த்தளங்களில் பலமாகக் கேட்கும்.

நான் சொல்வது இதுதான்: நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலோ இடைத்தளத்திலோ, ஜன்னலுள்ள அறைகள் இரண்டு, எதிரெதிராகவோ அடுத்தடுத்தோ. கடல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்குக் குமட்டல் தணியும் என்பதால், முழு இருட்டான உள்ளறையைவிட மனைவிக்கு ஜன்னல் நல்லது. ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்ற குறிப்பு இருந்தால், ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும் என்று பொருள். காட்சிக்காகப் பணம் கொடுப்பவர் அதை எடுக்க வேண்டாம். மூவரும் ஒரே அறையில் தங்கிச் செலவைக் குறைக்கலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். மூன்றாவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏறும் படுக்கை. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கையைக் கொடுத்தாலும் உங்களில் ஒருவர் மேலே ஏறியாக வேண்டும். அம்மாவின் அறை மின்தூக்கியிலிருந்து நாலைந்து கதவு தள்ளி இருக்கட்டும். மிக அருகில் இருந்தால் இரவெல்லாம் பேச்சுச் சத்தம் கேட்கும். குளியலறை வாசலில் உயரமான தடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் பயணிகளைக் கரைசேர்க்கின்றன. அதில் அம்மாவால் ஏறி இறங்க முடியுமா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன், கப்பலின் பெயர், தளம், அறை எண், அறையை மாற்றும் உரிமை பற்றிய நிபந்தனை, துறைமுக வரி, ஊழியர் சேவைக் கட்டணம் எல்லாவற்றையும் முகவரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். எழுதித் தந்ததற்கு மாறாக முகவர் நடந்துகொண்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகவரின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.