துருவைப் பார்த்துத் தயங்காதீர்கள், மேசையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் சிறிய தச்சுப் பட்டறை அமைக்கிறேன். சுமார் 40 வருடப் பழைய 8 அங்குல சர்ஃபேஸ் பிளேனர் (மரத்தை இழைத்துத் தட்டையாக்கும் இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வார்ப்பிரும்பு மேசை முழுக்கத் துரு. ஓட விட்டால் கரகரவென்று சத்தம். மோட்டார் த்ரீ ஃபேஸ், என் வீட்டில் இருப்பதோ சிங்கிள் ஃபேஸ். பிளேடு மேல் இருக்க வேண்டிய கார்டும் (பாதுகாப்பு மூடி) தொலைந்துவிட்டதாம். வாங்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் நான்குமே சரிசெய்யக் கூடியவை. இயந்திரத்தை எடுப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை: மேசைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா?

மரத்தைத் தள்ளிவிடும் பக்கத்து மேசையை முன்மேசை என்றும், இழைத்த மரம் போய் அமரும் பக்கத்தைப் பின்மேசை என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர் பார்க்கும் சட்டம்) ஒன்றும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கையோடு எடுத்துப் போங்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் நேரானதுதானா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்: அதை வைத்து ஒரு கோடு இழுத்து, அதையே புரட்டிப் போட்டு அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி இழுங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும்.

பிறகு ஒவ்வொரு மேசையையும் தனித்தனியே நீளவாக்கிலும் மூலைக்கு மூலையாகவும் பாருங்கள். மேசையே வளைந்தோ முறுக்கியோ இருந்தால், பெரிய கிரைண்டிங் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். வீட்டுப் பட்டறைக்காக அந்தப் பாடு வேண்டாம், விட்டுவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் முன்மேசையைப் பின்மேசையின் உயரத்துக்கு ஏற்றி, ஸ்ட்ரெய்ட் எட்ஜை இரண்டின் மீதும் சேர்த்து வையுங்கள். எங்குமே 0.1 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் நான் யோசிக்காமல் வாங்குவேன். வெளி நுனிகள் சற்றுத் தொங்கியிருந்தாலும் பயமில்லை. மேசை ஏறி இறங்கும் சரிவுத் தடங்கள் பல வருட உழைப்பில் தேய்ந்திருக்கும். அங்கே மெல்லிய பித்தளைத் தகட்டை ஷிம்மாகச் செருகி மட்டத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். பொறுமையாகச் செய்ய வேண்டிய ஒருநாள் வேலை அது.

அடுத்தது விரிசல். அடி விழுந்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மேசைக்கு அடியில் உள்ள விலாக்கள், ஃபென்ஸை (மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பு) தாங்கும் பகுதி, பேரிங் உட்காரும் வீடு, இந்த இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் ஒரு கோடாகத் தெரியும். ஃபென்ஸில் பழைய வெல்டிங் தழும்பு இருந்தால் பரவாயில்லை. பேரிங் வீட்டில் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் பிளாக்கின் வடிவத்தையும் கவனியுங்கள். மிகப் பழைய இயந்திரங்களில் அது சதுரமாக இருக்கும். அந்தச் சதுர மூலைகளுக்கும் மேசைக்கும் இடையே பெரிய பள்ளம் விழுவதால் கை வழுக்கினால் விரல்கள் முழுசாக உள்ளே போய்விடும். உருண்டையான பிளாக்கில் அந்த இடைவெளி குறுகியது. 40 வருட இயந்திரத்தில் பெரும்பாலும் உருண்டையாகத்தான் இருக்கும், ஆனாலும் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். சதுரமென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இனி உங்கள் கவலைகள். கரகரப்பு பெரும்பாலும் பேரிங்தான். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரையும் கட்டர் ஷாஃப்டையும் தனித்தனியே கையால் சுற்றிப் பாருங்கள், எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பேரிங் எண்கள் உலகம் முழுக்கப் பொது என்பது பழைய இயந்திரக்காரர்களுக்குப் பெரிய வரம். 6204 என்று பொறித்திருந்தால் யார் தயாரித்ததானாலும் உள்துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. 04-லிருந்து மேலே, கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு வந்துவிடும். இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் கடையை மூடியிருந்தாலும் பேரிங் கிடைக்கும். மாட்டும்போது ஒன்றே ஒன்று: ஷாஃப்டில் ஏற்றினால் உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள், பேரிங் வீட்டுக்குள் இறக்கினால் வெளிவளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து, புது பேரிங் அன்றே கெட்டுவிடும்.

த்ரீ ஃபேஸ் மோட்டாரைத் தூக்கி எறியாதீர்கள். வி.எஃப்.டி. என்ற மின்னணுப் பெட்டி சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும், மென்மையாகத் தொடங்கவும் வைக்கும். மோட்டார் தகட்டில் 230/400 என்பதுபோல இரண்டு வோல்டேஜ் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெல்டா இணைப்புக்கு மாற்றிக் குறைந்த வோல்டேஜில் ஓட்டலாம். 400 மட்டும் என்றிருந்தால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை வாங்கிப் பொருத்துவதே சுலபம். ஆனால் புல்லி அளவையும் சுழற்சி வேகத்தையும் ஒப்பிடாமல் வாங்காதீர்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்கக் கூடாது, ஓடும்போது துண்டித்தால் பெட்டி எரிந்துபோகலாம். இந்த இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காதபடி அமைத்துத் தரவும் சொல்லுங்கள்.

கார்டு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பொருந்துகிற கார்டு கிடைக்காவிட்டால் பிளேடை முழுக்க மூடி, மரம் வரும்போது மட்டும் ஒதுங்கி, ஸ்பிரிங் விசையில் திரும்பி வருவது போன்ற ஒன்றைச் செய்வித்துக்கொள்ளுங்கள். முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

துருவைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது அவ்வளவு சிறிய விஷயம் என்பதுதான். ரேசர் பிளேடைத் தாழ்வாகச் சாய்த்துச் சுரண்டுங்கள், பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தேய்ப்பு நாரால் தேயுங்கள். துருவின் கறை மிஞ்சலாம், அது மரத்தைப் பாதிக்காது. ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டி மேசையைப் பளபளப்பாக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரைமணி நேரத்தில் மேசை மேடுபள்ளமாகும், நீங்கள் அவ்வளவு நேரம் அளந்து பார்த்ததெல்லாம் வீண். இயந்திரத்தின் உடம்பில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைக் கிளப்ப வேண்டாம். ஓடத் தடையில்லாத பெயிண்டை அப்படியே விடுவதே நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது மேசைகளைப் பிடித்துத் தூக்காதீர்கள். அப்படித் தூக்கி மட்டம் கெட்ட இயந்திரங்கள் உண்டு. கயிறோ பட்டையோ அடி உடம்பைச் சுற்றி வரட்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு பிளேடுகளைச் சாணை பிடித்து மாட்டி, பின்மேசை மட்டத்துக்குச் சரிசெய்யுங்கள். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டுத்தான் இந்த வேலை. நேரான மரச்சட்டம் ஒன்றைப் பின்மேசையில் வைத்து, நுனியைக் கட்டர் மேல் நீட்டி, கட்டரைக் கையால் சுற்றினால் பிளேடு சட்டத்தைச் சில மி.மீ. இழுத்துக்கொண்டு போகும். எல்லாப் பிளேடுகளும், இரு ஓரங்களிலும், ஒரே தூரம் இழுக்க வேண்டும்.

மேசைக்கு மாதம் ஒருமுறை கட்டி மெழுகு தடவித் துடையுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ் வேண்டாம், அது மரத்தில் ஒட்டிக்கொண்டு வார்னிஷைப் பிடிக்க விடாது. மூடி வைக்கப் பருத்தித் துணிதான் சரி. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் ஈரம் தங்கி, நீங்கள் தேய்த்தெடுத்த துரு திரும்ப வந்துவிடும்.