வாசகர் கேள்வி: ஏலகிரியில் ஓரிரவு

கேள்வி: பிள்ளைகளுடன் மலையேறிக் கூடாரத்தில் ஓரிரவு தங்க விரும்புகிறோம். வேலூர்ப் பக்கம் எங்கே போகலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முதல் அனுபவம் என்றால் ஏலகிரியே ஏற்றது. மேலேறும் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருப்பதால், பேருந்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு நடந்துவிடும். ஏலகிரியிலுள்ள சுவாமிமலை உச்சிக்கான நடைபாதை காட்டுக்குள் செல்வதால், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இன்றி ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பல உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன, அது நியாயமும்கூட. தீ பரவும் மாதங்களில் பாதைகளை மூடுவதும் உண்டு என்பதால், முழு ஆண்டு விடுமுறையைவிட அரையாண்டு விடுமுறையே என் தேர்வு.

கூடாரத்தைக் காட்டில் அடிக்காமல், அனுமதி பெற்ற தங்கும் விடுதி வளாகத்திலேயே அடியுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் சன்னல்களை முழுவதும் மூடினால், மூச்சின் ஈரமே உட்துணியில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். ஆகவே மேல் திறப்பைச் சற்றே திறந்து வைத்து, தரையில் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம். குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை.