பழைய யூத ஜெப ஆலய இடிபாடு எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

பார்த்திருக்கிறேன். கப்பர்நகூம், இஸ்ரேலில் கலிலேயாக் கடலின் வடகரையில். திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய ஒரு புனிதப் பயணக் குழுவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குழுப் பயணம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரியுமே. இறங்கு, ஜெபம், போட்டோ, ஏறு. எங்களுக்குக் கொடுத்தது 40 நிமிடம். அதில் பத்து நிமிடம் வாசலிலேயே போய்விட்டது. குழுவில் ஒரு அண்ணன் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார். முழங்கால் தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். யாரோ ஒரு அக்கா கொடுத்த சால்வையை வேட்டி மாதிரி சுற்றிக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார்.

ஊர் முழுக்கக் கறுப்பு. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் கல்லில் கட்டிய வீடுகளின் அடிச்சுவர்கள்தான் எங்கும். அதற்கு நடுவே பளீரென்று வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் ஜெப ஆலயம். கூடம் மட்டும் சுமார் 24 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். கூரை கிடையாது. தூண்கள், ஒரு பக்கச் சுவர், சுவரோரமாக உட்காரக் கல் திண்ணை. முகப்பு தெற்கே, எருசலேமைப் பார்த்து. அந்த வெள்ளைக் கல் உள்ளூரில் கிடைப்பதில்லை, வெளியே இருந்து கொண்டுவந்தது. மீன்பிடி ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படி ஆடம்பரம்தான்.

வழிகாட்டி, "இந்தத் தரையில்தான் ஆண்டவர் நின்று பிரசங்கித்தார்" என்றார். அம்மா உடனே செருப்பைக் கழற்றிவிட்டாள். நல்ல வெயில், கல் சுட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அம்மா, இந்த வெள்ளைக் கட்டடம் ஏசு காலத்துக்கு முன்னூறு, நானூறு வருஷம் கழிச்சுக் கட்டினது" என்றேன்.

"அப்ப நான் இவ்வளவு நேரம் கால் சுட நின்னது சும்மாவா?"

சமாதானப்படுத்த அவளைத் தென்மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் போனாலும் முதலில் அங்கே போங்கள். வெளியே நின்று சுவரின் அடியைப் பார்த்தால், வெள்ளைக் கல்லுக்குக் கீழே கறுப்புக் கல் வரிசை தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காரவில்லை. வெள்ளைச் சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் விலகி நிற்கிறது. 1968இலிருந்து இங்கே தோண்டிய பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் கோர்போவும் லொஃப்ரெடாவும் இந்தக் கறுப்புச் சுவரைத்தான் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் என்றார்கள். வேதாகமத்தில் லூக்கா 7இல் நூற்றுக்கதிபதி ஒருவன், அதாவது படை அதிகாரி, கட்டிக் கொடுத்ததாக வருகிறதே, அது. இல்லை, இது வெறும் அஸ்திவாரம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வெள்ளைக் கட்டடத்தின் வயதிலும் சண்டைதான். செதுக்கு வேலையைப் பார்த்தவர்கள் 2, 3ஆம் நூற்றாண்டு என்றார்கள். அப்புறம் தரைக்கு அடியில் ஆயிரக்கணக்கான செப்புக் காசுகள் கிடைத்து, கணக்கு 4, 5ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. நாம் வீட்டுக்கு நிலை வைக்கும்போது காசு போடுகிற மாதிரி வேண்டுமென்றே போட்டதோ என்றுகூட ஒரு பேச்சு இருக்கிறது.

அம்மாவுக்கு இந்தச் சண்டை எதுவும் வேண்டாம். குனிந்து கறுப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எய்யா, இதுதான்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

எனக்குப் பிடித்தது ஒரு தூண். அதில் அந்தக் காலத்து யூதர்கள் பேசிய அரமேய மொழியில், யோகனான் மகன் செபிதா, அவன் மகன் ஹல்பு இந்தத் தூணைச் செய்தான், அவனுக்கு ஆசீர்வாதம் உண்டாகட்டும் என்று வெட்டியிருக்கிறது. நம் வேதாகமத் தமிழில் சொன்னால் யோவான், செபெதேயு, அல்பேயு. ஏசுவின் சீஷர்களோடு தொடர்புள்ள பெயர்கள்தான், ஆனால் ஆட்கள் வேறு. பல தலைமுறை கழித்தும் அந்த ஊர்ப்பக்கம் அதே பெயர்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. எங்கள் ஊர்க் கோவிலில் பெஞ்சு முதுகிலெல்லாம் "இன்னார் நினைவாக இன்னார் குடும்பம்" என்று பெயின்டில் எழுதியிருக்கும். அதே கதைதான், இங்கே கல்லில்.

தனியாக எடுத்து வைத்திருக்கும் கற்களில் சக்கரம் வைத்த கோவில் மாதிரி ஒரு சிற்பம் இருக்கிறது. பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி என்கிறார்கள் பலர். தூணும் கதவும் சக்கரமுமாக, நமக்கென்னவோ தேர்தான் ஞாபகம் வரும். தூண் தலைப்பு ஒன்றில் ஏழு கிளை விளக்கும், பக்கத்தில் ஆட்டுக்கொம்பு எக்காளமும். ஏசுவின் சீஷர் பேதுருவின் வீடு என்கிற இடம் சில தப்படி தூரம்தான். அதன்மேல் 1990இல் ஒரு நவீன கோவிலைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதைப்பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

புறப்படும் நேரத்தில் அம்மாவைக் காணோம். தேடினால், வரிசையாகப் போட்டிருக்கும், மாவரைக்கிற ஏந்திரக்கற்களுக்கு முன்னால் நிற்கிறாள். அதே கறுப்புக் கல். சில உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து, அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. கழுதை கட்டி இழுக்கிற ரகம். சிறு பிள்ளையில் ஓய்வுநாள் பள்ளியில் "கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டி" ஆளைக் கடலில் தள்ளுவது பற்றிய வசனத்தைப் படித்தபோது, நாங்கள் நினைத்துக்கொண்டது வீட்டுத் திருவையைத்தான்.

அம்மா ஒரு கையை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. "இதைக் கட்டிப் போட்டா ஆளு எங்க மிதக்க?" என்றாள். அதற்குள் பஸ்காரர் ஹார்ன் அடித்துவிட்டார்.